பாதாள நீரின் குடிகள்



உங்களில் பலர் பாதாளக் கரண்டியைப் பார்த்திருக்க மாட்டீர்கள். வளையம் ஒன்றில் பல கொக்கிகளைக் கோத்துச் செய்த இரும்புக் கருவி அது. கிணற்றில் குடமோ வாளியோ விழுந்துவிட்டால், அதனைக் கயிற்றில் கட்டி இறக்கித் துழாவுவார்கள். என் இளமைக் காலத்தில் கள்ளக்குறிச்சியைச் சுற்றியிருந்த சிற்றூர்களில், ஊருக்கு ஒன்றிரண்டு வீடுகளில்தான் அது இருக்கும். இரவல் வாங்க வருபவர் ஈடாக ஒரு செம்பை வைத்துவிட்டு எடுத்துச் செல்வார். கரண்டிக்கும் அகப்படாத வாளியை எடுக்க எங்களைப் போன்ற சிறுவர்களை அழைப்பார்கள். நாங்கள் மூச்சை அடக்கிக்கொண்டு மூழ்குவோம்.

அந்த நாள்களில் கிணறு எனக்கு ஒரு தனி உலகமாகத் தோன்றியது. சுவரின் பொந்துகளில் மாடப்புறாக்கள் அடைந்திருக்கும். படியின் இடுக்கில் தேள் ஒளிந்திருக்கும். நீர்மட்டத்தில் தவளைகள் மிதக்கும். தண்ணீர்ப் பாம்பொன்று தலையை மட்டும் தூக்கிக்கொண்டு நமக்கு வழிவிட்டு ஒதுங்கும். இரண்டு ஆள் ஆழம் சென்றால் வெளிச்சம் மறைந்துவிடும். நீர் சில்லென்றிருக்கும். அங்கே காலில் ஏதேனும் பட்டால் நெஞ்சு துடிக்க மேலே வந்துவிடுவோம். “கிணற்றுக்கு அடியில் பாதாள லோகம் இருக்கிறதடா, அங்கேயும் குடிகள் உண்டு” என்பார் என் பாட்டி. அதனைக் கட்டுக்கதை என்று பின்னாளில் நானே வகுப்பில் சொல்லியிருக்கிறேன். பாட்டி சொன்னது முற்றும் பொய்யன்று என்பதை அறிய எனக்கு நெடுங்காலம் ஆயிற்று. வெளிச்சம் புகாத குகைகளிலும் நிலத்தடி நீரிலும் வாழும் உயிர்களை மனிதன் எவ்வாறு அறிந்துகொண்டான் என்னும் வரலாற்றையே இன்று உங்களிடம் பேச எடுத்துக்கொண்டேன்.

முதலில் நம் ஊரிலிருந்தே தொடங்குவோம். 2019ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள் தனி மாவட்டமாக மலர்ந்த கள்ளக்குறிச்சிக்கு மேற்கே அரணாக நிற்பது கல்வராயன் மலை. பெரிய கல்வராயன், சின்னக் கல்வராயன் என இரு பகுதிகளாக விரிந்து, கோமுகிக்கும் மணிமுத்தாற்றுக்கும் நீர் கொடுப்பது அம்மலையே. இப்பகுதியின் கல்லையும் மண்ணையும் முறையாக ஆராய்ந்தவர்களுள் வில்லியம் கிங், இராபர்ட் புரூஸ் ஃபூட் ஆகிய இருவரும் முன்னோடிகள். சேலம், திருச்சி, தஞ்சை, தென்னார்க்காடு மாவட்டங்களின் பகுதிகளைப் பற்றிய அவர்களுடைய நூல் 1864இல் வெளிவந்தது. கல்வராயனில் மிகுதியாக இருப்பது சார்னோக்கைட் என்னும் கடினமான பாறை. சுண்ணாம்புக்கல்லை மழைநீர் மெல்லக் கரைத்து, மைல் கணக்கில் நீளும் குகைகளை உண்டாக்கிவிடும்; நம் மலைப்பாறை அவ்வாறு கரைவதில்லை. ஆகவே நம் பக்கத்துக் குகைகள் பாறைமேல் பாறை சாய்ந்து அமைந்த சிறு முழைஞ்சுகளே.

சிறியவை என்று அவற்றை இகழ்ந்துவிடக் கூடாது. திருக்கோவலூருக்கு அருகே தென்பெண்ணைக் கரையை ஒட்டியுள்ள சம்பை என்னும் ஊரில் அத்தகைய குகை ஒன்று உண்டு. அதிலிருந்த தமிழ் பிராமிக் கல்வெட்டு 1981ஆம் ஆண்டு கண்டறியப்பட்டது. சதியபுத்திரனாகிய அதியமான் நெடுமான் அஞ்சி கொடுத்த பாளி அது என்று அக்கல்வெட்டு கூறுகிறது. பாளி என்றால் உறைவிடம். அசோகனுடைய கல்வெட்டுகளில் வரும் சதியபுத்திரர் யாவர் என்று அறிஞர்கள் நெடுங்காலம் வாதிட்டு வந்தார்கள். அந்த வழக்கைத் தீர்க்கும் சான்று நம் மாவட்டத்துக் குகையொன்றில் கிடைத்தது. ஊரார் நன்கறிந்த குகைதான். அதிலிருந்த சொல்லைப் படித்துச் சொல்ல ஒருவர் வரும்வரை அது காத்துக் கிடந்தது.

துறவி நீங்கிய பாளியில் வௌவால் குடியேறும். ‘பகலிலும் இருளாக இருக்கும் குகையில் கிடக்கும் வௌவால், வெளியே மாலை ஆயிற்று என்பதை எப்படி அறிகிறது?’ என்று என்றேனும் எண்ணிப் பார்த்ததுண்டா? மதுரைக் காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் எம். கே. சந்திரசேகரனும் அவருடைய மாணவர்களும் இக்கேள்வியை எடுத்துக்கொண்டு, மதுரைக்கு அருகிலுள்ள குகைகளில் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். கூட்டமாக வௌவால்கள் வாழும் குகையின் இருட்டில் ஒரு வௌவாலைக் கூண்டில் வைத்தபோது, அது மற்றவை பறந்து செல்லும் நேரத்தை ஒட்டியே நாள்தோறும் விழித்தெழுந்தது. வேறு வௌவால்களே இல்லாத இருண்ட குகையில் வைத்தபோது, அதன் பொழுது நாளுக்கு நாள் விலகிச் சென்றது. தன் இனத்தாரின் வரவும் போக்குமே அதற்குக் கடிகாரம் என்பது தெளிந்தது. இந்த ஆய்வு 1981இல் வெளியாகி உலக அறிஞர்களின் கருத்தைக் கவர்ந்தது.

வௌவாலேனும் மாலையில் வெளியே வந்து வானத்தைப் பார்க்கிறது. பிறந்தது முதல் இறப்பது வரை வெளிச்சத்தையே காணாத உயிர்கள் சில உண்டு. அவற்றின் வரலாறு ஐரோப்பாவில் சுலோவீனியா நாட்டில் தொடங்குகிறது. அங்கே பெருமழைக் காலங்களில் ஊற்றுக் கண்களிலிருந்து வெளிறிய பாம்பு போன்ற சிறு பிராணி வெளியே வந்து விழும். அது நிலத்தடியில் வாழும் பறவை நாகத்தின் குட்டி என்று உழவர்கள் அஞ்சினர். வால்வசோர் என்னும் அறிஞர் 1689இல் இச்செய்தியைத் தம் நூலில் எழுதிவைத்தார். இன்று ஓல்ம் என வழங்கும் அப்பிராணிக்கு உடம்பில் நிறமில்லை. கண் தோலுக்குள் புதைந்து மறைந்துள்ளது. உணவின்றிப் பல ஆண்டுகள் தாங்கும். நூறாண்டு வரை வாழக்கூடும் என்று ஆராய்ச்சியாளர் கணித்துள்ளனர்.

அதே நாட்டில் போஸ்டோய்னா என்னும் பெருங்குகை இருக்கிறது. அங்கே விளக்கேற்றும் வேலை பார்த்தவர் லூக்கா செச் என்பவர். 1831ஆம் ஆண்டு அவர் குகையின் உட்புறத்தில் விந்தையான வண்டு ஒன்றைக் கண்டார். கழுத்து மெலிந்திருந்தது, கால்கள் நீண்டிருந்தன, கண்களே இல்லை. ‘ஏதோ பூச்சி’ என்று நசுக்கிவிடாமல், அதனை எடுத்துச் சென்று குகை ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்த ஒரு பிரபுவிடம் கொடுத்தார். மறு ஆண்டு அது நூலேறியது. குகையில் மட்டுமே வாழும் பூச்சியினம் உண்டு என உலகம் அறிந்தது அப்போதுதான். அவ்வண்டின் அறிவியற் பெயரில் அந்தப் பிரபுவின் பெயர் இடம்பெற்றது. விளக்கேற்றியவரின் பெயர் இடம்பெறவில்லை. ஆயினும் அவர் கண்ணும் கையும் இன்றேல் அவ்வறிவு பிறந்திராது.

இனி, ஆசிரியன் என்ற முறையில் நான் பெரிதும் போற்றும் ஒருவரைக் குறிப்பிடுகிறேன். நியூசிலாந்து நாட்டில் சார்லஸ் சில்ட்டன் என்ற இளைஞர், 1881ஆம் ஆண்டு ஒரு பண்ணையில் நீர் இறைக்கும் குழாயிலிருந்து வந்த தண்ணீரில் இறால் இனத்தைச் சேர்ந்த, கண்ணற்ற வெண்ணிறச் சிற்றுயிர்களைக் கண்டார். குடிநீரில் பூச்சி வந்தால் நாம் முகம் சுளித்துக் கொட்டிவிடுவோம். அவரோ அவற்றைச் சேர்த்துவைத்து ஆராய்ந்தார். பின்னர்ப் பள்ளித் தலைமையாசிரியராகப் பணியாற்றிய காலத்திலும் ஆராய்ச்சியைக் கைவிடவில்லை. 1894இல் அவருடைய பெருநூல் வெளிவந்தது. அதன்பின் நெடுங்காலம் கழித்து, நம் வங்காளத்து நிலக்கரிச் சுரங்கம் ஒன்றில் கண்ணற்ற சிற்றுயிர் ஒன்று கிடைத்தது. 1923இல் அதற்குப் பெயரிட்டு விளக்கியவரும் அதே சில்ட்டன்தான். ஒரு பண்ணைக் குழாயடியில் பிறந்த ஆர்வம் நாற்பதாண்டு கடந்து நம் நாட்டுச் சுரங்கத்திற்கு ஒளி கொண்டுவந்தது.

அதற்கு முந்திய ஆண்டில், ஸ்டான்லி கெம்ப், சோப்ரா ஆகிய இருவரும் காரோ மலையிலுள்ள சிஜு குகைக்குள் சென்று அங்கு வாழும் உயிர்களையெல்லாம் திரட்டினார்கள். ஒளியில்லாத இடத்தில் பச்சை இலை ஏது? அங்கே உணவுக்கு ஆதாரம் வௌவாலின் எச்சமே. அதனை உண்ணும் பூச்சிகள், அப்பூச்சிகளை உண்ணும் சிலந்திகள் எனச் சங்கிலி தொடர்கிறது. வௌவால் ஒவ்வோர் இரவும் வெளியுலகிலிருந்து குகைக்கு உணவு கொண்டுவரும் சுமையாள் என்று சொன்னால் பொருந்தும். நமக்கு அண்மையிலும் சான்று உண்டு. கோட்டயத்துக் கிணறுகளில் கிடைத்த கண்ணற்ற சிறு கெளுத்தி மீன் ஒன்றை 1950இல் ஏ. ஜி. கே. மேனன் உலகிற்கு அறிவித்தார்.

இதுவரை சொன்னவை தற்செயலாக வெளியே வந்தவையும், நடந்து சென்று கண்டவையும் ஆகும். நீர் நிறைந்த குகைக்குள்ளேயே மூழ்கிச் செல்லவும் மனிதன் துணிந்தான். 1922இல் பிரான்சு நாட்டின் மொந்தெஸ்பான் என்னுமிடத்தில் நொர்பேர் காஸ்தெரே என்ற இளைஞர், கையில் மெழுகுவத்தியுடன், மூச்சடக்கும் ஆற்றல் ஒன்றையே நம்பி, கூரைவரை நீர் முட்டிநின்ற குகைக்குள் தனியே மூழ்கி மறுபுறம் எழுந்தார். அடுத்த ஆண்டு அங்கே பழங்கற்கால மனிதன் களிமண்ணால் செய்த கரடியுருவைக் கண்டார். 1946இல் கூஸ்தோவும் அவருடைய தோழரும் வோக்ளூஸ் என்னும் ஆழ்ந்த ஊற்றுக்குள் காற்றுக் கலங்களுடன் இறங்கி, அக்கலங்களில் நச்சுக்காற்றுக் கலந்திருந்ததால் உயிர் பிழைத்ததே அரிதாயிற்று. பழங்கிணற்றில் ஆளை இறக்குமுன் அரிக்கேன் விளக்கை இறக்கிப் பார்ப்பது நம் முன்னோர் வழக்கம். விளக்கு அணைந்தால் அன்று யாரும் இறங்கமாட்டார்கள். கருவி எவ்வளவு வளர்ந்தாலும் இருட்டில் காற்றே முதல் கவலை என்பதற்கு இவ்விரண்டும் சான்று.

அவ்வாறு மூழ்கியவர்கள் கண்ட உயிர்களோ வியப்பானவை. 1979இல் பகாமாத் தீவின் நீர்க்குகை ஒன்றில் ஜில் யேகர் என்ற பெண்மணி, பூரானைப் போல் உடலெங்கும் கால்கள் கொண்டு மல்லாந்து நீந்தும் கண்ணற்ற உயிரைக் கண்டார். இறாலும் நண்டும் அடங்கிய பேரினத்தில் அதற்கெனத் தனி வகுப்பே வகுக்க நேர்ந்தது. அவ்வகுப்பைச் சேர்ந்த ஓர் உயிர் இரையை நஞ்சால் கொல்வது 2013இல் தெளிவாயிற்று. 1986இல் ருமேனியாவில் நிலத்தைத் துளையிட்டபோது வெளிப்பட்ட மொவிலே குகை இன்னும் விந்தையானது. ஏறத்தாழ 55 லட்சம் ஆண்டுகள் வெளியுலகத் தொடர்பின்றிக் கிடந்த இடம் அது. உள்ளறைகளை அடைய நீரில் மூழ்கியே செல்லவேண்டும். காற்றில் உயிர்வளி மிகக் குறைவு. அழுகிய முட்டை நாற்றமுடைய வாயு நிறைந்தது. அந்த வாயுவிலிருந்தே நுண்ணுயிர்கள் ஆற்றல் பெற்று வாழ, அவற்றை உண்டு சுமார் 50 இனச் சிற்றுயிர்கள் பிழைக்கின்றன. கதிரவனுக்குக் கடன்படாமலும் ஓர் உலகம் நடக்கக்கூடும் என்பதை அக்குகை மெய்ப்பித்தது.

இனி, அண்டை மாநிலமாகிய கேரளத்திற்கு வருவோம். 2020ஆம் ஆண்டு செங்கன்னூரில் ஒரு வீட்டில், கிணற்று நீர் வரும் குழாயிலிருந்து செந்நூல் போன்ற சிறு மீன் ஒன்று விழுந்தது. வீட்டார் அதனைப் பாதுகாத்து ஆராய்ச்சியாளரிடம் சேர்த்தனர். 2022இல் அது புதிய இனமென உறுதியாயிற்று. அதற்கு இட்ட பெயர் என்ன தெரியுமா? ‘பாதாளம்’ என்னும் சொல்லையே பெயராக்கினார்கள்! மறு ஆண்டு அறிவிக்கப்பட்ட கண்ணற்ற கெளுத்தியினம் ஒன்றிற்கு, இலத்தீன் மொழியில் ‘மக்கள்’ என்று பொருள்படும் பெயர் சூட்டப்பெற்றது. கிணறு தூர்வாருவோரும் வீட்டுப் பெண்களும் மாணவர்களும் கொண்டுவந்து கொடுத்த மீன்களால்தான் அவ்வாராய்ச்சி நடந்தது. அதற்கு நன்றியாகவே அப்பெயர். விளக்கேற்றியவரின் பெயரை மறந்த 1832ஆம் ஆண்டின் குறை, ஒருவகையில் 2023இல் தீர்ந்தது என்று நான் மகிழ்ந்தேன்.

மகிழ்ந்தேன் என்றேனா? அப்பாதாள மீனின் செய்தியை நாளிதழில் படித்த காலையில் நான் மகிழவில்லை. கையிலிருந்த காப்பி ஆறும்வரை வாளாவிருந்தேன். ஏன் என்பதை உங்களுக்குச் சொல்வது என் கடமை.

1989ஆம் ஆண்டுக் கோடையில், கல்வராயன் அடிவாரத்துப் பள்ளியொன்றில் நான் அறிவியல் ஆசிரியனாக இருந்தேன். ஆசிரியப் பயிற்சி முடித்துப் பணியேற்றுச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. எல்லாம் எனக்குத் தெரியும் என்ற எண்ணமும் இருந்தது. ஒன்பதாம் வகுப்பில் மலையூரிலிருந்து வந்து படித்த மாணவன் ஒருவன், ஒரு நாள் காலையில் மருந்துப் புட்டி ஒன்றில் நீர் கொண்டுவந்தான். முதல் நாள் தன் தந்தையுடன் ஒரு பழங்கிணற்றில் தூர்வார இறங்கியிருந்தான். பாறைப் பிளவிலிருந்து நீர் கசியும் இடத்தில் ஓர் உயிரைப் பிடித்ததாகச் சொன்னான். அரிசிமணி அளவு, பால்போல் வெள்ளை, பல கால்கள்.

“சார், இதுக்குக் கண்ணே இல்ல சார். ஆனா வெளிச்சம் பட்டா ஓடுது சார்” என்றான்.

“கண் இல்லாதது வெளிச்சத்தை எப்படியடா அறியும்? உன் புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது, காட்டு” என்றேன். வகுப்பு சிரித்தது. புட்டியைப் பிடுங்கி, சன்னலுக்கு வெளியே தண்ணீர்த் தொட்டியின் வாய்க்காலில் கொட்டிவிட்டேன். அவன் அழவில்லை. “அது உயிரோட இருந்துச்சு சார்” என்று மட்டும் சொல்லிவிட்டு அமர்ந்தான். அதன்பின் அவன் என் வகுப்பில் ஒரு கேள்வியும் கேட்டதில்லை. அவ்வாண்டோடு படிப்பையும் நிறுத்திவிட்டான்.

நாளிதழ்ச் செய்தியைப் படித்த பிறகு நான் அவனைத் தேடிச் சென்றேன். இப்போது அவருக்கு நரை கண்டுவிட்டது. கிணறு வெட்டும் வேலைக்கு ஆள் சேர்த்துக் கொடுப்பவராக இருக்கிறார். “அன்று நீ சொன்னது உண்மையாக இருக்கலாம் அப்பா, தவறு என்னுடையது” என்றேன். அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின், “நான் மறக்கல சார். ஆனா அந்தக் கிணறு இப்ப இல்ல. ஆழ்துளை போட்ட பிறகு வத்திப்போச்சு. குப்பையைக் கொட்டித் தூர்த்து மேலே வீடு கட்டிட்டாங்க” என்றார். என்னை அமரச் செய்து, மோர் கொடுத்து அனுப்பினார்.

மாணவ மணிகளே, அறிவியலில் பிழை நேர்வது இயல்பு. மேகமலையில் 1948ஆம் ஆண்டு பிடித்த ஒரு வௌவாலைச் சாதாரணப் பழந்தின்னி வௌவால் என்றே குறித்து வைத்துவிட்டார்கள். 1972இல்தான் அது குகையில் தங்கும் அரிய புதிய இனம் என்று கண்டு, சாலிம் அலியின் பெயரைச் சூட்டினார்கள். பெயரில் பிழை செய்தாலும் பொருளை அவர்கள் பாதுகாத்து வைத்திருந்தார்கள். ஆகவே 24 ஆண்டுக்குப் பிறகும் பிழையைத் திருத்த முடிந்தது. நான் பொருளையே கொட்டிவிட்டேன். என் பிழை திருந்தாது.

அந்தக் கிணறு தூர்ந்ததில் இன்னொரு பாடமும் உண்டு. பாறைப் பிளவுகளில் ஊறிவரும் நீரே நம் மாவட்டத்து வயல்களுக்கும் வீடுகளுக்கும் வாழ்வு. அந்நீர் வற்றினால், அதில் ஏதேனும் குடியிருந்தால், அக்குடியும் மடியும். வற்றிய கிணற்றைக் குப்பைத்தொட்டியாக்கினால், அந்த நஞ்சு இறங்கி மிஞ்சியிருக்கும் நீரில் கலக்கும். ஆந்திர நாட்டில் நாகார்ஜுனா பல்கலைக்கழகப் பேராசிரியர் ரங்கா ரெட்டி, கிணறுகளிலும் கிருஷ்ணை, கோதாவரி ஆற்று மணலடி நீரிலும் கண்ணற்ற நுண்ணிய உயிர்களைப் பல ஆண்டுகள் தேடி, புதிய இனங்கள் பலவற்றைக் கண்டறிந்துள்ளார். நம் கல்வராயன் அடிவாரத்துக் கிணறுகளிலும் அத்தகைய தேடல் நடக்கவேண்டும். கிணறுகள் எஞ்சியிருக்கும்போதே நடக்கவேண்டும்.

நீங்கள் குகைக்குள்ளோ பழங்கிணற்றுக்குள்ளோ தனியே இறங்கவேண்டாம். அங்கு நிற்கும் காற்று ஆளைக் கொல்லும். 2018இல் தாய்லாந்துக் குகையில் சிக்கிய சிறுவர் 12 பேரையும் அவர்தம் பயிற்சியாளரையும் மீட்கும் பணியில், தேர்ந்த முக்குளிப்பாளர் ஒருவரே உயிர் இழந்தார். நீங்கள் செய்யவேண்டியது எளிது. இறைத்த நீரில் விந்தையான உயிர் ஏதேனும் வந்தால், தூய புட்டியில் அதே நீரோடு எடுத்து வையுங்கள். எந்தக் கிணறு, எந்த நாள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். படம் எடுங்கள். உங்கள் ஆசிரியரிடம் காட்டுங்கள்.

இதனைக் கேட்கும் ஆசிரிய நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். புட்டியோடு ஒரு மாணவன் வந்து நின்றால், எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கேட்காதீர்கள். புட்டியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, அவனோடு சேர்ந்து பாருங்கள்.